செம்பில்லாத தண்ணீர்

அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி ஓட்டிக் காது பாதி மந்தமாகிப்போன மனிதர் அவர். ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை செய்தவர்கள், "சுவர்க் கடிகாரம் குடுத்தா அதையே முறைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு" என்று சொல்லி, ஒரு கடல்மீன் தொட்டியை வாங்கித் தந்துவிட்டார்கள். உப்புத்தண்ணீர், பாறைத் துண்டுகள், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் என்று ஒரு கைப்பிடிக் கடல். மகன் வீட்டுக் கூடத்தில் அது வந்து உட்கார்ந்ததும், குடும்பத்தில் ஓர் ஆள் கூடியது போலாயிற்று.

மகன் சரக்கு லாரி ஓட்டுபவன். வாரத்தில் பாதி நாள் வெளியூர். மருமகள் பல் மருத்துவமனையில் உதவியாளர். அவளுடைய குரல் மெல்லிசு, இவருடைய காது மந்தம். ஆகவே இருவருக்கும் இடையே "சாப்பிட்டீங்களா மாமா", "ஆச்சும்மா" என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை.

மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. பாசியைத் தின்னட்டும் என்று வாங்கிவிட்ட நத்தைகள்தான் மறுநாளே கவிழ்ந்து கிடந்தன. அடுத்து, முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் சிவப்பு இறால் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி வந்தார். சாயங்காலம் விட்டது, காலையில் ஒருபக்கமாகச் சாய்ந்து காலை உதறிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் கதை முடிந்துவிட்டது. இன்னொன்று வாங்கினார். அதுவும் அதே வழியில் போய்ச் சேர்ந்தது.

"நம்ம கைராசி அப்படி" என்று மீன்கடையில் போய் நொந்துகொண்டார்.

"கைராசியாவது ஒண்ணாவது. தண்ணி எங்கேருந்து பிடிக்கிறீங்க அண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வீட்டுக் குழாய்லதான். குளோரினை எடுக்கிற மருந்து ஊத்தித்தான் சேக்கிறேன்."

"எப்பப் பிடிப்பீங்க?"

"விடிஞ்சதும் முதல் வேலையா அதான்."

கடைக்காரர் உச்சுக்கொட்டினார். குழாய்த் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிச் சொட்டு மருந்து விட்டார். நிறம் மாறியது.

"செம்பு. உங்க கட்டடத்துல பழைய செம்புக் குழாயா இருக்கும். ராத்திரி முழுக்கக் குழாய்ல ஊறுன தண்ணியை நீங்க முதல் ஆளாப் பிடிச்சு ஊத்தியிருக்கீங்க."

"செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதும்பாங்களே?"

"மனுஷங்க கதையை விடுங்க. மீன்கூட ஓரளவு தாங்கும். இறாலுக்கும் நத்தைக்கும் கொஞ்சம் இருந்தாலே எமன்."

அன்றிலிருந்து அவர் நல்ல தண்ணீருக்கு அலைந்தார். அச்சகத்தில் புத்தகம் தைக்கும் நண்பர் ஒருவர், "கடல் மீனுக்குக் கடல் தண்ணி, இதுல என்ன யோசனை?" என்று ஒரு கேன் நிறையக் கடல்நீரே கொண்டுவந்து இறக்கினார். மூடியைத் திறந்தால் மேலே வானவில் போல எண்ணெய்ப் படலம். படகுத் துறையில் மொண்டிருக்கிறார், பாவம். நண்பர் போகும்வரை பொறுத்திருந்து கொட்டினார். கடையில் விற்கும் குடிநீர் சரிப்படுமா என்று கேட்டதற்குக் கடைக்காரர் தலையாட்டி மறுத்தார். "அதுல என்னென்ன கலந்திருக்கும்னு யாரு கண்டா? நமக்கு ஒண்ணுமே இல்லாத வெறும் தண்ணி வேணும். வேண்டியதெல்லாம் உப்புல இருக்கு. அடுப்படியில, பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ ஒரு ஃபில்டர் மாட்டிட்டா கவலை விட்டது."

அடுப்படி என்றதும் அவர் தயங்கினார். ஏற்கெனவே மீன்தொட்டியைச் சுற்றித் தரையில் படியும் உப்புக் கறையை மருமகள்தான் சத்தமில்லாமல் துடைக்கிறாள். இதில் அவளுடைய சமையலறைக்குள்ளும் நுழைவதா? அன்று மாலை மகனிடம் ஃபோனில், "செம்பில்லாத தண்ணி வேணும்னா அடுப்படியில ஃபில்டர் மாட்டணுமாம். தொட்டியைக் கடைக்காரர்கிட்டயே குடுத்துடலாம்னு இருக்கேன். யாருக்கும் தொந்தரவு வேணாம்" என்றார். மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. காது மந்தமானவர் ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

மறுநாள் மருமகள் தோளில் ஒரு கேனோடு வந்து நின்றாள்.

"மாமா, இது ஆவியாக்கி வடிச்ச தண்ணி. கருவிங்களைச் சுத்தம் பண்ற மெஷினுக்கு இதைத்தான் ஊத்துவோம். டாக்டர்கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். ஆனா வடிக்கிற மெஷினுக்குள்ள என்ன குழாய் இருக்கோ, எனக்குத் தெரியாது. நீங்க எதுக்கும் சோதிச்சுப் பாத்துட்டு ஊத்துங்க."

இத்தனை நீளமாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. கடைக்காரரிடம் வாங்கி வைத்திருந்த சொட்டு மருந்தை விட்டு, இருவரும் விளக்கடியில் குப்பியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நிறம் மாறவில்லை. "பாஸ்!" என்றாள் அவள், தேர்வு முடிவு பார்த்தவளைப் போல.

அதன்பிறகு தினமும் கேன் வந்தது. பழைய தண்ணீரை எடுத்துப் புதுத் தண்ணீரில் உப்புக் கரைத்து ஊற்றினார். செம்பை உறிஞ்சும் பை ஒன்றையும் கடைக்காரர் தந்தார். தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்தது. ஆனால் மருமகள் பேருந்திலிருந்து இறங்கிக் கேனைக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கி வருவதை ஒருநாள் மாடியிலிருந்து பார்த்துவிட்டார். மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கே போய் நின்றார்.

கேனை அவர் வாங்கிக்கொள்ள, அவள் அவருக்குச் சற்று நன்றாகக் கேட்கும் வலது காதுப் பக்கமாக வந்து நடந்தாள். எதைச் சொன்னாலும் காதில் விழுந்தது. வாய் மூடாமல் பேசும் பெண் இவள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"அடுப்படித் தொட்டிக்குக் கீழ எல்லாத்தையும் ஒழிச்சு வச்சுட்டேன் மாமா. ஃபில்டரை வாங்கிடுங்க."

"உனக்கு இடைஞ்சலா இருக்குமேம்மா."

"எனக்கென்ன இடைஞ்சல்? ஃபில்டர் ஒதுக்குற கழிவுத் தண்ணி வாளியில விழட்டும், துணி அலசிக்குவேன். அலுத்துக் களைச்சு வர்றப்போ அந்த மீனுங்களைப் பாத்தாத்தான் எனக்கு மூச்சே சீராகுது. அதைப் போய்க் குடுக்கப் பாத்தீங்களே!"

"சரிம்மா, வாங்கிடறேன்" என்று அவர் கேனைத் தோள் மாற்றிக்கொண்டார்.

மகன் ஊரிலிருந்த ஞாயிற்றுக்கிழமை ஃபில்டரை மாட்டிக்கொடுத்தான். அந்தத் தண்ணீரும் சோதனையில் தேறியது. தொட்டியிலும் செம்பின் சுவடே இல்லை என்று உறுதியான பிறகுதான் அவர் மறுபடியும் ஓர் இறால் வாங்கினார். அது முதல் நாள் பிழைத்தது. முதல் வாரமும் பிழைத்தது. மீனின் செவுளருகே ஏறி நின்று அழுக்கெடுக்கவும் தொடங்கியது.

பிறகு ஒரு காலையில், பாறையடியில் அது வெளிறிப்போய் மல்லாந்து கிடந்தது. மீசை, கால், கண் எல்லாம் அப்படியே இருந்தன. உயிர் மட்டும் இல்லை. அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"போச்சும்மா. உன் உழைப்பெல்லாம் வீணாப் போச்சு."

மருமகள் ஈரக் கையோடு ஓடிவந்து குனிந்து பார்த்தாள். டார்ச்சை எடுத்துப் பாறை இடுக்கில் அடித்தாள். உள்ளே, புத்தம் புதுச் சிவப்பில், முன்னைவிட ஒரு சுற்றுப் பெரியதாக, இறால் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, அது வெறும் ஓடு! பாம்பு மாதிரி சட்டையைக் கழட்டிப் போட்டிருக்காரு! வளந்திருக்காரு மாமா! தண்ணி ஒத்துக்கிச்சு!"

அவர் எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அம்மா, இது உயிரோட இருக்கிறது உன்னாலதான். நானும் உன்னாலதான் நல்லா இருக்கேன். இத்தனை நாளா சொல்லத் தெரியல."

அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது. "அய்ய, என்ன மாமா நீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் தீவனப் புட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அன்று அவள் வேலைக்குத் தாமதமாகத்தான் போனாள்.