காலி இருக்கையின் கம்பி

சில்வர் நாட்ச் பனிச்சறுக்கு மலையின் நுழைவாயிலில் டெல்ஃபீனுக்கு ஒரு வெண்கலப் பலகை வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைப் படிக்க முடியாது. நிற்பவர்களின் கண்ணுக்கு நேராக மாட்டியிருக்கிறார்கள். திறப்பு விழாவில் என்னை முன்வரிசையில் வைத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 'எல்லைகளைக் கடந்தவர்' என்றிருந்ததாம்.

டெல்ஃபீன் ரஸ்க் எந்த எல்லையைக் கடந்தாள் என்பது எங்களுக்குத் தெரியும். வடத்தில் வரிசையாக இருக்கைகள் தொங்கி உச்சிக்குப் போகும் பழைய லிஃப்டில், கடைசித் தூணுக்குச் சற்று முன்னால், அந்தரத்தில் தொங்கிய இருக்கையில் ஓர் இரவு முழுக்க இருந்து உறைந்து செத்தாள்.

அவளும் நானும் உட்கார்ந்து சறுக்குகிறவர்கள். எங்கள் கால்கள் எங்களோடு வரும், அவ்வளவுதான். வேலை எதுவும் செய்யாது. வாளி மாதிரி ஓர் இருக்கை, அதன் அடியில் ஒரே ஒரு சறுக்குப் பலகை, இரண்டு கையிலும் நுனியில் குட்டிப் பலகை பொருத்திய ஊன்றுகோல். இதற்குப் பெயர் சிட்-ஸ்கீ. இதோடு நாங்கள் லிஃப்டில் ஏற வந்தால் ஆபரேட்டர் வேகத்தைக் குறைத்து, எங்களுக்கு முன்னால் வரும் இருக்கையைக் காலியாக அனுப்பிவிடுவார். அவசரப்படாமல் ஏறட்டும் என்கிற மரியாதை.

அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. மூடுகிற நேரம், மூடுபனி, கடைசி ஆள் அவள். அன்று உச்சியில் வேலையில் இருந்தவன் காலி இருக்கை வருவதைப் பார்த்தான். ஆட்கள் முடிந்தார்கள் என்று சாவியைத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை லிஃப்டை ஓட்டியபோது டெல்ஃபீன் உச்சிக்கு வந்து சேர்ந்தாள். மடிக்கு மேலே தடுப்புக் கம்பி இறக்கியபடி இருந்தது. ஊன்றுகோலால் அடித்து அடித்து அந்தக் கம்பியின் பெயின்ட் உரிந்திருந்தது.

பொது மேலாளர் பிரெஸ்டன் விக்கர்ஷம் உடனே ஒரு விசாரணைக் குழு அமைத்தார். தலைவராகத் தன்னையே போட்டுக்கொண்டார். குழு கண்டுபிடித்தது இது: 'விருந்தினர் தன் குரலைப் போதிய அளவில் பயன்படுத்தவில்லை.' பத்திரிகைக்காரர்களுக்கு இதை வாசித்தபோது அவர் குரல் தழுதழுத்தது. அவருக்கு நல்ல குரல். அதற்காகவே அவரை வேலைக்கு எடுத்ததாகச் சொல்வார்கள்.

பிறகு சீர்திருத்தங்கள் வந்தன. ஆபரேட்டர்களின் வாக்கி-டாக்கியைப் பிடுங்கிக்கொண்டு தொடுதிரை கொடுத்தார். வாக்கி-டாக்கியின் கரகர சத்தம் விருந்தினரின் மன அமைதியைக் கெடுக்கிறதாம். குளிரில் தொடுதிரை உறைந்துவிடும் என்று சொன்னவர்களுக்கு, அது விருது வாங்கிய தொடுதிரை என்று பதில் வந்தது. எங்கள் கண்ணியத்தைக் காப்பதற்காக, சிட்-ஸ்கீக்கள் உச்சி லிஃப்டில் ஏறக்கூடாது என்று தடை போட்டார். அதற்கு ஈடாக, கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், கேன்டீனின் எண்ணெய்ப் புகை இறங்குகிற ஒரு மேட்டைச் சமப்படுத்தி, 'எல்லோருக்குமான சரிவு' என்று பெயர் வைத்தார். எல்லோருக்குமான அந்தச் சரிவில் எங்களைத் தவிர ஒருவரும் சறுக்கியதில்லை.

எனக்கு உச்சி வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். முதுகெலும்பு உடைந்த பிறகு நான் நானாக இருக்கிற ஒரே இடம் அந்த மலையின் பின்பக்கச் சரிவுதான். அங்கே என்னைப் பார்த்து யாரும் தலையைச் சாய்த்துச் சிரிப்பதில்லை. என்னைப் பிடிக்கத்தான் பார்ப்பார்கள், முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் ஆபரேட்டர்களுக்குள் ஒரு பேச்சு ஓடியது. உச்சியில் வேலை பார்க்கும் மெர்ல்தான் எனக்குச் சொன்னார்.

"கோரின், சிரிக்கக் கூடாது, சரியா? கீழேருந்து இருக்கை காலியாத்தான் வருது. கம்பி மேல தூக்கித்தான் இருக்கு. இங்க வந்து சேர்றப்ப கம்பி இறங்கியிருக்கு."

"காத்தா இருக்கும்."

"காத்து கம்பியை இறக்கும். இறங்குற இடத்துல பனியில ஒத்தைக் கோடு போடுமா? ரெண்டு பக்கமும் ஊன்றுகோல் தடம் வேற. கோடு பத்தடி போவுது, அப்புறம் ஒண்ணுமில்ல."

"மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. டிக்கெட் இல்லாம எவனோ மேல வரான், பிடிங்கன்னாரு."

பிப்ரவரியில் விக்கர்ஷமுக்கு ஒரு விருது தகையும்போல இருந்தது. தடைகளற்ற மலை என்று டென்வரில் கொடுப்பது. அதற்கு ஒரு குறும்படம் வேண்டும். குறும்படத்துக்கு நான் வேண்டும். ஒளிப்பதிவுப் பெண்ணோடு எல்லோருக்குமான சரிவுக்கு வந்தார்.

"கோரின்! எங்க மலையோட இதயமே நீங்கதான்."

"இதயத்தை ஏன் சார் பார்க்கிங்ல வெச்சிருக்கீங்க?"

அவர் சிரித்தார். கேமரா ஓடுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். ஓடிக்கொண்டிருந்தது.

"நடிக்கிறேன்," என்றேன். "ஒரே ஒரு நிபந்தனை. நீங்களும் சிட்-ஸ்கீல உக்காந்து என்கூட உச்சிக்கு வரணும். பத்திரமா போய்ச் சேந்துட்டோம்னா தடையை எடுத்துடணும்."

"அது... பாதுகாப்புத் துறையைக் கேட்டு..."

"பாதுகாப்புத் துறையும் நீங்கதானே சார்?"

கேமராவுக்கு முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. "நான் என் விருந்தினர் போகிற இடத்துக்கெல்லாம் போகிறவன்!" என்றார், மைக்கே தேவைப்படாத குரலில்.

அவரை வாளிக்குள் திணித்து, தொடை, இடுப்பு, மார்பு என்று பட்டை போட்டு இறுக்கி முடிப்பதற்குள் மூடுகிற நேரமாகிவிட்டது. முதலில் முக ஒப்பனை கலைந்தது. பிறகு தொப்பியில் மலையின் சின்னம் கோணலாக இருந்தது. மலையில் மூடுபனி இறங்கியது, பனியும் பெய்யத் தொடங்கியது. ஒளிப்பதிவுப் பெண்ணை முன்னால் அனுப்பினார்கள். எங்கள் இருவரையும் தூக்கி வைக்க நேரம் வேண்டுமே, கீழே இருந்த ஆபரேட்டர் அடுத்த இருக்கையைக் காலியாக விட்டார். எத்தனை சுற்றறிக்கை போட்டாலும் அந்தக் கைக்கு அதுதான் பழக்கம். எங்களை ஏற்றிவிட்டு, தொடுதிரையில் 'கடைசி இருக்கை' என்பதை அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. நாங்கள் பனிக்குள் மறையும்வரை அவர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் விக்கர்ஷம் பேசிக்கொண்டே வந்தார். மனித மனத்தின் உறுதி பற்றிச் சொன்னார். தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. முன்னால் போகும் காலி இருக்கை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதற்கும் அப்பால் கேமராப் பெண் இறங்கி, நாங்கள் சறுக்கி வருவதைப் படம்பிடிக்கச் சரிவுப் பக்கம் போயிருப்பாள்.

கடைசித் தூணுக்குச் சற்று முன்னால் லிஃப்ட் நின்றது.

"ஏன் நின்னுது?" என்றார்.

"காலி இருக்கை வருதுன்னு மெர்ல் பாத்திருப்பாரு. ஆளுங்க முடிஞ்சாச்சுன்னு நினைச்சிருப்பாரு."

"திரையில தகவல் போயிருக்குமே?"

இருக்கை லேசாக ஆடியது. கீழே தரை தெரியவில்லை. அவர் பட்டைகளைத் தடவிப் பார்த்தார். எல்லாப் பட்டையும் முதுகுப்பக்கம் பூட்டியிருந்தது. அதை அவிழ்க்க இன்னொருவர் வேண்டும்.

"ஹலோ!" என்று கத்தினார். "மெர்ல்! நான் பிரெஸ்டன் விக்கர்ஷம்!"

பனி அந்தப் பெயரை அப்படியே விழுங்கியது. விசாரணைக் குழுவுக்குத் தெரியாமல் போனது இதுதான். மூடுபனிக்குள் பனி பெய்யும்போது எந்தக் குரலும் பக்கத்து இருக்கையைத் தாண்டாது.

அவர் தொண்டை கிழியக் கத்தினார். நானும் கத்தினேன். எனக்கும் பயம்தான், பொய் சொல்லவில்லை. நடுவில் மூச்சு வாங்கியபோது வாய் சும்மா இருக்கவில்லை.

"போதிய அளவுல பயன்படுத்துங்க, சார்."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒப்பனை மட்டும்தான் மிச்சம்.

அப்போது முன்னால் இருந்த காலி இருக்கையில், தூக்கியிருந்த தடுப்புக் கம்பி மெதுவாக இறங்கியது. யாரோ மடிமேல் கவனமாக வைத்துக்கொள்வதுபோல். காற்று இல்லை. எங்கள் இருக்கைகூட ஆடாமல் நின்றிருந்தது.

"கோரின்," என்றார் விக்கர்ஷம், சின்னக் குரலில். "அங்க யாரு?"

டங் என்றது. கம்பிமேல் உலோகம் விழும் சத்தம். டங். டங். குரல் போகாத இடத்துக்கு அது போயிற்று. வடத்தைப் பிடித்துக்கொண்டு கடைசித் தூணையும் தாண்டி ஏறியது. எங்கள் இருக்கையின் தண்டுவழியாக என் பல்லுக்குள்ளும் வந்தது. அவசரம் இல்லாத, அலுத்துப்போகாத அடி. ஓர் இரவு முழுக்கப் பழகிய கை.

வடம் ஒரு தடவை குலுங்கியது. லிஃப்ட் நகர்ந்தது.

உச்சியில் மெர்ல் வெறுங்கையோடு வெளியே நின்றிருந்தார். கையுறையைக்கூட மறந்திருந்தார்.

"சாவியைத் திருப்பிட்டு ஜாக்கெட்டை மாட்டிட்டேன், கோரின். கதவுகிட்ட போயிட்டேன். அப்பதான் அந்தச் சத்தம்." எங்களை இறக்கிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார். "உங்களுக்கு முன் இருக்கையில கம்பியைத் தட்டிக்கிட்டே வந்தாங்களே, அவங்க எங்க?"

நான் பனியைக் காட்டினேன். ஒற்றைக் கோடு. இரு பக்கமும் ஊன்றுகோல் தடம். பத்தடியில் முடிந்திருந்தது.

விக்கர்ஷமை அடிபட்டவர்களை இறக்கும் சறுக்குவண்டியில் வைத்து, போர்வை சுற்றி, கயிறு கட்டிக் கீழே கொண்டுபோனார்கள். வழியெல்லாம் கண்ணை மூடியே இருந்தாராம்.

மறுநாளே தடை நீங்கியது. வாக்கி-டாக்கிகள் திரும்பி வந்தன. கடைசி ஆள் இறங்கிய பிறகும் லிஃப்டை ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. விருதும் கிடைத்தது. படத்தில் வெறும் மூடுபனிதான். நடுவர்கள் அதை ஆழமான குறியீடு என்றார்களாம். ஆனால் மேடையில் விக்கர்ஷம் வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. லிஃப்டில் போன குரல் அதன்பிறகு திரும்பவே இல்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது கூட்டங்களில் அவர் மேசையைத் தட்டித்தான் கவனத்தை ஈர்க்கிறார். முதல் தட்டு விழுந்ததும் அவரே திடுக்கிட்டுக் கதவைப் பார்க்கிறார்.

அறிக்கையில் டெல்ஃபீனின் குரலைப் பற்றிய அந்த வாக்கியத்தை மட்டும் அவர் எடுக்கவில்லை. எடுத்தால் வழக்கு வரும் என்று வழக்கறிஞர்கள் சொன்னார்களாம்.

அதனால்தானோ என்னவோ, அவளும் போகவில்லை. எனக்கு உச்சி கிடைத்துவிட்டது; தினமும் பின்பக்கச் சரிவில் இறங்குகிறேன். ஆனால் கடைசி இருக்கையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. எனக்கு முன்னால் ஒன்று காலியாகப் போகும். கடைசித் தூண் நெருங்கும்போது அதன் கம்பி மெதுவாக இறங்கும். பிறகு, டங்.

"கேக்குது, டெல்ஃபீன்," என்று கத்துகிறேன். "நல்லாவே கேக்குதுடி."

அவள் அடிப்பதை நிறுத்துவதில்லை.