நாற்பத்தாறாவது கோட்டை

சீப்ரான்டிடம் நான் பொய் சொன்னது பதினொரு வருடத்தில் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளையும் சொதப்பாமல் செய்யத் தெரியவில்லை எனக்கு.

அவனுக்குக் கண் தெரியாது. ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவன், நாற்பத்திரண்டு வயதில் பார்வை போயிற்று. இப்போது எழுபத்தொன்று. நான் ஹார்மென், மூன்று வயது இளையவன், நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வியாழக்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்கு இரட்டைச் சைக்கிளோடு அவன் வீட்டு வாசலில் நிற்பேன். முன்னால் நான், பின்னால் அவன். ஹேண்டில்பார், பிரேக், மணி எல்லாம் என் கையில். அவனுக்கு இருப்பது பெடல் மட்டும். "பள்ளம்" என்று நான் சொன்னால் இருக்கையிலிருந்து லேசாக எழும்பிக்கொள்வான். "நிறுத்தறேன்" என்றால் காலை ஊன்றத் தயாராவான். முன்னால் இருப்பவன் வாயை நம்பாமல் பின் இருக்கையில் ஒருவன் உட்கார முடியாது.

நாங்கள் போவது கோட்டைகளுக்கு. எங்கள் மாகாணத்தில் மொத்தம் நாற்பத்தாறு என்பது அவன் கணக்கு. தடித்த காகிதத்தில், விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்தில், அந்தப் பட்டியல் எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கும். சட்டம் ஒன்றுதான்: உள்ளங்கை கோட்டைச் சுவரில் பட வேண்டும். தோட்டச் சுவர் செல்லாது, பாலம் செல்லாது, டிக்கெட் கொடுக்கும் அறை செல்லவே செல்லாது. கை பட்ட பிறகு ஓர் ஊசியால் பட்டியலில் ஓட்டை போடுவான். நான் பார்ப்பதைச் சொல்ல வேண்டும். அவனுடைய விசாரணை, நீதிமன்றத்தில் நடப்பதைவிட மோசமாக இருக்கும்.

"ஜன்னல் கதவு என்ன நிறம்?"

"சிவப்பும் வெள்ளையும்."

"கோடா, சதுரமா?"

"மணல் கடிகாரம் மாதிரி."

"அதைச் சொல்ல உனக்கு ரெண்டு கேள்வி வேண்டியிருக்கு. இப்படித்தான் நிலத்தை அளந்தியா?"

நாற்பத்தைந்து முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது பெர்க்கன்வால். அது பொதுமக்கள் பார்க்கும் இடம் இல்லை, குடும்பம் இன்னும் உள்ளே வசிக்கிறது. இரண்டு வருடம் சீப்ரான்ட் கடிதம் எழுதினான். கடைசியில் பதில் வந்தது: ஏப்ரல் மூன்றாம் வியாழன், காலை பதினொரு மணி, பதினைந்து நிமிடம், காரியதரிசி கூட வருவார். அந்தக் கடிதத்தை என்னை மூன்று முறை படிக்கச் சொன்னான். மூன்றாம் முறை சிரித்தான்.

அன்று நான் மூக்குக் கண்ணாடி போடவில்லை. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் என் முகத்தில் என் அப்பா தெரிகிறார், அதனால் பையிலேயே வைத்திருந்தேன். எங்கள் சைக்கிள் பாதைகளில் சந்திக்குச் சந்தி எண் பலகை இருக்கும், எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். அறுபத்து மூன்றை அறுபத்தெட்டு என்று படித்துத் திரும்பிவிட்டேன். ஆற்றங்கரை மேட்டில், எதிர்க்காற்றில், ஐந்து கிலோமீட்டர்.

"காத்து இடது கன்னத்துல அடிக்கணும். மூக்குல அடிக்குது," என்றான் பின்னாலிருந்து.

"தப்பாத் திரும்பிட்டேன்."

"கண்ணாடி எங்க?"

"பையில."

"நம்ம ரெண்டு பேர்ல யாருக்குய்யா கண்ணு தெரியாது?"

சிரித்தோம். ஆனால் பெர்க்கன்வால் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. எங்கள் ஊரில் பதினொன்று என்றால் பத்து ஐம்பத்தெட்டுக்கு வாசலில் நிற்க வேண்டும். அது எனக்குத் தெரியாததா?

அவனையும் சைக்கிளையும் லிண்டன் மரத்தடியில் நிறுத்திவிட்டு நான் மட்டும் வாசலுக்குப் போய் மணியடித்தேன். கோபுரத்தில் கொடி பறந்தது, குடும்பம் வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். காரியதரிசி வந்தார். கம்பிக் கதவைத் திறக்கவில்லை.

"பதினோரு மணின்னு எழுதியிருந்தோம்."

"வழி தப்பிடுச்சுங்க. வந்திருக்கிறவருக்குக் கண்ணு தெரியாது."

"வழி பார்த்தது அவரா?"

"இல்ல, நான்."

"அப்ப அதைக் காரணமாச் சொல்ல முடியாதே. திரும்பவும் எழுதச் சொல்லுங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

கோபப்படாமல் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

மரத்தடிக்குத் திரும்பி நடந்தேன். சீப்ரான்ட் கோட்டுப் பொத்தான்களைப் போட்டு, தலையை வாரி, வலது கையுறையைக் கழற்றி வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் நிற்கிற பிள்ளை போல விறைப்பாக நின்றான்.

"என்ன சொன்னாங்க?"

"வா. விடறாங்க," என்றேன்.

பாதைக்கு இடப்புறம் எஸ்டேட்டின் பண்ணை இருந்தது. அதன் மாட்டுக்கொட்டகையின் பின்சுவர் அகழியை ஒட்டி நின்றது, பழைய செங்கல். அவன் முழங்கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போனேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம் நிஜக் கோட்டை. அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன்: இரண்டு கோபுரம், ஒன்றில் குடமிளகாய் வடிவக் கூரை, ஜன்னல் கதவுகள் பச்சையும் மஞ்சளும், தூண்டில்காரன் போல அசையாமல் ஒரு நாரை. சொன்னது எல்லாம் உண்மை. சுவர் மட்டும்தான் பொய்.

அவன் கையை வைத்தான். விரலால் ஒரு செங்கல்லை அளந்தான்.

"சின்னதா இருக்கே. இவ்வளவு பழைய கோட்டைக்குக் கல்லு ஒரு சாணுக்கு மேல வரணும்."

"பின்னாடி எப்பவோ பழுது பார்த்திருப்பாங்க."

"மாட்டு வாசனை."

"பக்கத்துல பண்ணை."

தலையாட்டினான். பிறகு கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பட்டியலை எடுத்துக் கடைசி வரியில் ஊசியைக் குத்தினான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. செய்தது சரிதான் என்றே அந்த நிமிடம் நினைத்தேன்.

அப்போது ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி வாளியோடு கொட்டகையைச் சுற்றி வந்தாள்.

"ஐயா, எதுக்கு என் மாட்டுக்கொட்டகையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? உள்ள கன்னுக்குட்டி மிரளுது."

சீப்ரான்ட் கன்னத்தை எடுத்தான். "இது கோட்டை இல்லையாம்மா?"

"கோட்டை தண்ணிக்கு அந்தப் பக்கம்ல இருக்கு! இது மாடு கட்டுற இடம்." அவன் கக்கத்தில் இடுக்கியிருந்த வெள்ளைக் கோலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இவருக்குத் தெரியல, சரி. உங்களுக்கென்ன கேடு?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சீப்ரான்ட் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான். நிதானமாகக் கேட்டான்:

"இதுக்கு முன்னாடி எத்தனை?"

ஒன்றும் இல்லை என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் நாற்பது வருடம் அளந்து பிழைத்தவன். எத்தனை என்று கேட்டால் எண்ணிப் பார்க்காமல் பதில் சொல்ல வராது. ஒன்றாவது கோட்டையிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எங்காவது தெரியாமல் தோட்டச் சுவரைக் காட்டிவிட்டேனா, எங்காவது நிறத்தை மாற்றிச் சொன்னேனா? நாற்பத்தைந்தையும் கடந்து வந்துதான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் இல்ல."

"ரொம்ப நேரம் ஆச்சே."

"யோசிச்சுப் பார்த்தேன்யா. சரியாச் சொல்லணுமேன்னு."

"பொய்யே சொல்லாதவனுக்கு யோசிக்க என்ன இருக்கு?"

அதற்கு மேல் நான் எதைச் சொன்னாலும் அதுவும் பொய்யாகத்தான் கேட்டிருக்கும். வேறு வழியில்லாததால் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். வீடு வரை முப்பது கிலோமீட்டர். பள்ளம் என்று சொன்னேன், அவன் எழும்பவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் தடதடவென்று இடி வாங்கிக்கொண்டு வந்தான்.

அடுத்த வியாழன் ஒன்பது மணிக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் திரை போட்டுக்கொள்வதில்லை, தெருவிலிருந்தே கூடம் தெரியும். ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். நான் மணியடித்ததைக் கேட்டான், பிஸ்கட் டப்பாவை மூடினான், அவ்வளவுதான். கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். அதற்கடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும். வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. வியாழக்கிழமைக்கு எனக்கும் வேறு ஆள் கிடையாது.

நான்காவது வாரம் கதவு திறந்தது. கோட்டு போட்டுக்கொண்டு நின்றான். புதுக் காகிதம் ஒன்றை நீட்டினான். தடவிப் பார்த்தேன், ஊசி ஓட்டை ஒன்றுகூட இல்லை.

"முதல்லேர்ந்து," என்றான்.

"நாற்பத்தாறுமா?"

"நாற்பத்தாறும். அந்த மாட்டுக்கொட்டகையை வேணும்னா நீ உன் கணக்குல வச்சுக்கோ."

முதலாவது ஹாக்வீன். சுவரடிக்குக் கூட்டிப் போய் நிறுத்தினேன். அவன் கையைத் தூக்கவில்லை. தலையைச் சாய்த்துக் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தான். நாயோடு ஒரு பெண் வந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். நான் எதுக்கு முன்னாடி நிக்கறேன்?"

அவள் அவனையும் பார்த்தாள், பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னையும் பார்த்தாள்.

"கோட்டைக்கு முன்னாடிதான். ஏன், கூட வந்தவர் சொல்லலையா?"

"சொன்னார்," என்றான் சீப்ரான்ட். பிறகுதான் கையை வைத்தான்.

இப்போது பதினான்கு முடிந்திருக்கிறது. எல்லா இடத்திலும் யாரையாவது நிறுத்திக் கேட்கிறான். ஆள் வராவிட்டால் காத்திருக்கிறோம். போன வாரம் மழையில் நாற்பது நிமிடம் காத்திருந்தோம், ஒருவரும் வரவில்லை. கோட்டை அவன் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஓட்டை போடாமலே வீட்டுக்குத் திரும்பினோம்.