ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்

எங்கள் தையல் லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். சிவப்பு பிளாஸ்டிக், மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. அதைக் கழுத்தில் போட்டவள்தான் மெஷினை விட்டு எழுந்து கழிவறைக்குப் போகலாம். அவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். மாடியில் ஆபீஸ் பெண்களுக்குக் கயிறும் இல்லை, கணக்கும் இல்லை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டி கம்பெனி வாசலுக்கு வந்தது. இலவசம், சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இருக்கும், யார் வேண்டுமானாலும் போகலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சும்மா சொல்லக் கூடாது, யாரையும் தடுக்கவில்லை. டோக்கன் இருந்தால் போகலாம்.

எங்கள் லைனிலேயே தைக்கும் என் அண்ணிக்கு மாதவிலக்கு நின்று பல வருஷமாகிறது. சமீபத்தில் மறுபடி ரத்தம் பட்டதை என்னிடம் மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் லீவு. லீவு போட்டால் அந்த மாத ஊக்கத்தொகை அம்போ. அதனால் உடம்புச் சூடுதான் என்று அவளே டாக்டராகிவிட்டாள். வண்டி வரப்போவது முதல் நாளே தெரிந்ததால் லைன் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அன்று காலையிலிருந்து எங்களில் ஒருத்தியும் தண்ணீர் குடிக்கவில்லை. "அக்கா, இன்னிக்கு டோக்கன் உங்க சொத்து. மாட்டிக்கிட்டுப் போங்க, திரும்பிக்கூடப் பாக்காதீங்க," என்றாள் லைனில் வாயாடி என்று பேர் வாங்கியவள். நிறைமாதமாக இருந்த, தலைமுடிக்காக நாங்கள் சுருட்டை என்று கூப்பிடும் பெண்கூட, "நான் சமாளிச்சுக்குறேன், போயிட்டு வாங்கக்கா," என்றாள்.

என் மெஷின் ஜன்னலோரம். அண்ணி வரிசையில் நிற்பது தெரிந்தது. ஆபீஸ் பெண்கள் கும்பலாக இறங்கி வந்தார்கள். அவர்களுக்கு மீட்டிங் இருந்ததாம், முன்னால் விட்டார்கள். வருஷா வருஷம் சொந்த டாக்டரிடம் பார்த்துக்கொள்கிறவர்கள்தான். வந்த வண்டியை விடுவானேன் என்று வந்திருப்பார்கள். அண்ணி ஒதுங்கி நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"என்ன அண்ணி, பாத்தாச்சா?"

"எனக்கு முன்னாடி ஒருத்திதான் பாக்கி." பேசிக்கொண்டே டோக்கனைக் கழற்றிச் சுருட்டையின் கழுத்தில் மாட்டினாள். "பாவம், மாசமா இருக்கிறவ எவ்வளவு நேரம்தான் அடக்குவா? சீக்கிரம் போயிட்டு வா தாயி. நீ வந்ததும் நான் போறேன்."

சுருட்டை எழுந்திருக்கவில்லை. "அதெல்லாம் எப்பவோ ஆயிடுச்சுக்கா," என்றாள் தலையைக் குனிந்தபடி. அவள் காலடியில் வெட்டுத்துணிகள் குவிந்து கிடந்தன. அடியில் இருந்தவை நனைந்திருந்தன.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. டோக்கனைப் பிடுங்கி அண்ணியின் கையில் திணித்து, "ஓடுங்க!" என்று கத்தினேன்.

அவள் கதவை எட்டுவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன், வண்டியின் படிக்கட்டை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி திரும்பி வந்து டோக்கனை ஆணியில் மாட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் அது தேவையில்லை. யார் வேண்டுமானாலும் போகலாம்.