எஞ்சின் நிறுத்தும் வளைவு

நான் வேலை செய்வது கொழும்பு கொள்ளுப்பிட்டியில், ஊர்களுக்குப் பலம் கண்டுபிடித்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில். யாராவது முதல் போட வந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். அந்த இடத்தில் என்ன இருக்கிறது, எதை விற்கலாம் என்று நாங்கள் அறிக்கை எழுதுவோம். அதுவரை சும்மா ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் எங்கள் கைக்கு வந்ததும் 'வளம்' ஆகிவிடும். கரையில் இருக்கும் சனம் 'மனித வளம்'. வெள்ளவத்தையில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கால்வாயைப் பற்றிக்கூட ஒருமுறை நீளமாக எழுதினேன். அதன் நாற்றம் ஒரு பக்கத்திலும் வரவில்லை.

இந்த முறை ஹெந்தளையிலிருந்து நீர்கொழும்புப் பக்கம் போகும் ஹமில்டன் கால்வாய். எழுதுவதற்கு லேசான இடம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு நிலம், விமான நிலையமும் கிட்ட. இறாலும் நண்டும் கரையிலேயே வாங்கலாம். அங்கே ஹோட்டல் கட்டும் கம்பனியின் டைரக்டர் றஷ்மி, கொழும்பில் பிறந்து மெல்பேர்னில் வளர்ந்தவர். விருந்தாளிகளை நாள்தோறும் கால்வாயில் கூட்டிப்போக அவருக்கு ஒரு படகுக்காரன் வேண்டும். நான் டெரிக்கின் பெயரைக் கொடுத்தேன்.

டெரிக் கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். றோஸியைக் கட்டி அவளுடைய ஊரான ஹெந்தளைக்கு வந்தவன், கால்வாயைப் பார்த்து மனம் மாறி, வேலையை விட்டுவிட்டு ஒரு ஃபைபர் படகு வாங்கிக் கூரை போட்டுக்கொண்டான். சனி ஞாயிறில் மட்டும் ஆட்கள் வந்தார்கள். இந்த ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் படகை விற்றுவிட்டு மறுபடி கிரேன் ஓட்டக் கட்டாருக்குப் போவதென்று முடிவு. விசா வந்துவிட்டது. சின்ன மகள் தகப்பனின் நெஞ்சில் படுத்தால்தான் நித்திரை கொள்வாள் என்று றோஸி என்னிடம் சொல்லியிருந்தாள்.

நாங்கள் போய் இறங்கியபோது றோஸி வெள்ளைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் படகடியில் நின்றாள்.

"யூனிஃபோமா? நல்ல ஐடியா," என்றார் றஷ்மி.

றோஸி அவருக்குப் படகில் ஏறக் கை கொடுத்தாள். டெரிக் என்னைத் தனியே இழுத்தான்.

"சேர், ஒரு பிரச்சினை. மனுவேல் மாமா செத்திட்டார். றோஸிட சித்தப்பா. பிரேதம் கால்வாய்க்கரை வீட்டிலதான் கிடக்குது, பின்னேரம்தான் எடுக்கிறம்."

"படகு ஓடக் கூடாதா?"

"ஓடலாம். ஆனா அந்த வீட்டைத் தாண்டுமட்டும் எஞ்சின் போட ஏலாது. தடி ஊண்டித்தான் போகோணும். படகில இருக்கிறவங்க எழும்பி நிக்கோணும். அதைக் கண்டு கரையில இருக்கிறவங்களும் எழும்புவாங்க. இஞ்ச அப்பிடித்தான்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. மனுவேல் இரண்டு நாள் பொறுத்துச் செத்திருக்கலாம். றஷ்மிக்கு மறுநாள் விமானம், வேறு நாளுக்குத் தள்ளிப்போட வழியில்லை. "சரி, ஓட்டு," என்றேன்.

றோஸியும் ஏறிக்கொள்ள, படகு கிளம்பியது. நான் என் பாடத்தை ஒப்பித்தேன்: பறவைகள், கண்டல் மரங்கள், மீன்பிடிக் குடும்பங்கள், வாரக் கடைசிச் சந்தை. றஷ்மி தலையாட்டினாரே தவிர, கண் கைபேசியில்தான் இருந்தது. டெரிக்கின் பிடரி வியர்த்திருந்தது. காரியம் கைநழுவுகிறது என்று எனக்கும் விளங்கியது.

ஒரு வளைவில் கால்வாய்க்குக் குறுக்கே வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். டெரிக் எஞ்சினை நிறுத்தினான். தொப்பியைக் கழற்றிவிட்டுத் தடியை எடுத்தான். றோஸி முன்பக்கம் போய் எழுந்து நின்றாள். "செத்த வீடு மிஸ்," என்று டெரிக் மெல்லச் சொன்னதும் றஷ்மியும் எழுந்தார். நானும் எழுந்தேன்.

கரையில் தறப்பாளுக்குக் கீழே சீட்டுக் கடதாசி விளையாடிக்கொண்டிருந்த ஆண்கள் எங்களைக் கண்டதும் கடதாசியை வைத்துவிட்டு எழுந்தார்கள். தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவன் தட்டோடு நின்றான். பெண்கள் அழுகையை நிறுத்தி வாசலுக்கு வந்தார்கள். தடி தண்ணீரில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவரும் ஒருவருக்கும் கை காட்டவில்லை. அந்த வீட்டைத் தாண்டி எஞ்சின் திரும்பவும் உறுமியபோது றஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மெய்யாகவே அழுதிருந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மத்தியானம் டெரிக்கின் முற்றத்தில் சாப்பாடு. பிரேதம் எடுக்கும்வரை சொந்தக்காரர் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் நண்டுக் கறியைப் பக்கத்து வீட்டில் சமைப்பித்திருந்தாள் றோஸி. சித்தப்பாவைக் கிடத்திப்போட்டு வந்து எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"டெரிக், படகு எல்லா நாட்டிலயும் இருக்கு," என்றார் றஷ்மி. "நண்டும் இருக்கு. ஆனா அந்த அஞ்சு நிமிசம் வேற எங்கயும் இல்ல. கொன்ட்ராக்ட் உங்களுக்குத்தான். ஒரு வருசம் இல்ல, மூண்டு வருசம்."

டெரிக்கின் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கே சந்தோசமாக இருந்தது.

"ஒரேயொரு விசயம். அதை ஒவ்வொரு ட்ரிப்பிலயும் செய்யோணும்."

"எதை மிஸ்?"

"எஞ்சின் ஓஃப் பண்றது, கொடி, வெள்ளை உடுப்பில ஆக்கள் எழும்பி நிக்கிறது. உண்மையான செத்த வீடு தேவையில்ல. கரையில ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பம். நிக்கிறவங்களுக்கு நாங்க சம்பளம் குடுப்பம். ஊருக்கும் நல்லம்தானே?" என்னிடம் திரும்பினார். "சுந்தரலிங்கம், ரிப்போட்டில போடுங்க. இதுதான் இந்த இடத்திட பலம்."

அது என்னுடைய பாஷை. அந்தப் பாஷையில்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. ஆனாலும் கோபம் வந்தது. அது யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

டெரிக் வாசலைப் பார்த்தான். சின்னவள் அங்கே நின்று விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். "செய்யலாம் மிஸ்," என்றான் நிலத்தைப் பார்த்து. "நாலைஞ்சு பேரைப் பிடிக்கலாம்." நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

"ஏலாது மிஸ்," என்றாள் றோஸி.

"சம்பளம் குடுத்தாலும் ஆக்கள் வர மாட்டாங்களா?"

"வருவாங்க. வேலை இல்லாத சனம், ஒவ்வொரு நாளும் வந்து எழும்பி நிக்கும்." கறிச்சட்டியைக் கீழே வைத்தாள். "பிறகு எங்கட வீட்டில ஒராள் செத்தா, கரையில எழும்புறவன் எங்களுக்காக எழும்புறானா, சம்பளத்துக்குப் பழகி எழும்புறானா எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

றஷ்மியின் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பைச் சோறு போட்டாள்.

"அங்க கிடக்கிறவர் என்ட சித்தப்பா மிஸ். சாப்பிடுங்க, சோறு ஆறுது."

றஷ்மிக்கு அது தெரிந்திருக்கவில்லை. முகம் சிவந்துபோயிற்று. பலமுறை மன்னிப்புக் கேட்டார். கை கழுவிவிட்டு றோஸியின் கையைப் பிடித்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றன்" என்றார். எங்கள் தொழிலில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று டெரிக்குக்கும் தெரியும்.

வாகனத்தடிக்குப் போகும் வழியில் றஷ்மி என்னிடம் கேட்டார்: "இந்தக் கால்வாயில வேற படகுக்காரர் இருக்கிறாங்களா?"

"இருக்கிறாங்க," என்றேன். அதைச் சொல்வதும் என் வேலைதான்.

அவரை வாகனத்தில் ஏற்றி அனுப்பிவிட்டுச் செத்த வீட்டுக்கு நின்றுகொண்டேன். டெரிக்கின் முற்றத்துக்குத் திரும்பியபோது அவன் படகின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். றோஸி கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். சண்டை நடக்கும் என்று நினைத்து வேலியடியில் தயங்கினேன்.

"டெரிக்," என்றாள் றோஸி, திரும்பிப் பார்க்காமல். "கட்டாருக்கு மிளகாய்த்தூள் கொண்டுபோக விடுவாங்களா?"

அவன் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான்.

"விடுவாங்க."

"அப்ப நாளைக்கு மிளகாய் வறுக்கிறன்."