ஒடுக்கு எடுத்த விளக்கு

நாடு முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம். அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருடத்தில் ஆல்டன் தர்லோவுக்குக் கிடைத்தது, பழங்காலத்து வீட்டு விளக்குகளை உள்ளது உள்ளபடி வரைந்து தரும் அரசாங்க வேலை. துருவைத் துருவாக, ஒடுக்கை ஒடுக்காக வரைய வேண்டும். கற்பனை செய்தால் வேலை போய்விடும். ஓவியர்களை வாழவைக்க அரசாங்கம் கண்டுபிடித்த வழி அது.

மெய்ன் மாநிலக் கடற்கரையில், திருமதி பிங்க்ரீயின் சமையலறையில், திமிங்கில எண்ணெய் ஊற்றி எரித்த ஒரு தகர விளக்கை அவன் வரைந்துகொண்டிருந்தான். அதன் வயிற்றில் வலப்பக்கம் பெரிய ஒடுக்கு. நாள்கணக்கில் உட்கார்ந்து அந்தப் பள்ளத்துக்குள் நிழலை இறக்கியிருந்தான். படத்திலேயே அழகான இடம் அதுதான்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒடுக்கைக் காணோம். விளக்கு பளபளத்தது.

“தட்டி எடுத்துட்டேன் தம்பி,” என்றாள் திருமதி பிங்க்ரீ. “வாஷிங்டனுக்குப் போற படமாச்சே. மூஞ்சி கழுவாமயா அனுப்புவாங்க?”

“அய்யோ அம்மா! மேலதிகாரி இன்னிக்குத்தான் படத்தையும் விளக்கையும் பக்கத்துல வெச்சுப் பாக்க வர்றார்.”

மேலதிகாரி விட்கோம்ப் வந்தார். படத்தைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடியும் பார்த்தார்.

“ஒடுக்கு எங்கேப்பா?”

“நேத்து வரைக்கும் இருந்துச்சு சார்.”

“இப்ப இல்லியே. அழிச்சுட்டு நேரா வரை. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே.”

ஊரில் இருந்த மீன் டப்பா ஆலையும் மூடிக்கிடந்தது. ஆல்டன் தூரிகையைக் கீழே வைத்தான்.

“மாட்டேன் சார். ஒடுக்கு இருந்தது எத்தனையோ வருஷம். இல்லாம இருக்கறது நேத்துலேர்ந்து. நான் அந்த வருஷங்களைத்தான் வரைவேன்.”

“கற்பனையும் பண்ணிட்டு நியாயம் வேற! நீங்க சொல்லுங்கம்மா, ஒடுக்கு இருந்துச்சா?”

திருமதி பிங்க்ரீ முகம் சிவந்தாள். “இருந்துச்சுங்க. எங்கம்மா இதாலதான் எங்கப்பா மண்டையில போட்டா. ஊர் சிரிக்குமேன்னு தட்டி எடுத்தேன். அந்தப் புள்ள மேல தப்பில்ல.”

“அதெல்லாம் செல்லாதும்மா. விளக்குல இல்லாதது படத்துல இருக்கக் கூடாது.”

அவள் விளக்கை எடுத்து இரும்பு அடுப்பின் விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

“இப்ப?”

விட்கோம்ப் குனிந்து ஆராய்ந்தார். “இது இடப்பக்கம்.”

விளக்கு மறுபடியும் உயர்ந்தது. இம்முறை அவள் பார்வை அடுப்பின் மேல் இல்லை; விட்கோம்பின் வழுக்கையின் மேல் இருந்தது.

“எங்கப்பாவுக்கும் முடி கம்மிதாங்க.”

விட்கோம்ப் தொப்பியை மாட்டிக்கொண்டு படத்தின் அடியில் கையெழுத்திட்டார். வாசல்வரை போனவர், விதி விதிதான் என்று திரும்பினார்.

“அந்தப் புது ஒடுக்கையும் வரைஞ்சுடு.”

“மாட்டேன் சார்,” என்றான் ஆல்டன். “அதுக்குக் கொஞ்சம் வயசாகட்டும்.”