ஏரிப் பக்கம் ரெண்டு வீடு

மூன்று மாதம் உட்கார்ந்து யாவோஸ்கா மானாகுவா நகரத்தில் தன் பேட்டைக்கென்று கட்டிய இணையதளத்தில் சேர்ந்தவர்கள் நான்கே பேர். அதில் ஒருத்தி அவளேதான். இன்னொருவர், அவள் தொல்லை தாங்காமல் சேர்ந்த மாமா. போன அக்டோபரில் ஓடை பொங்கியதை மேட்டுப் பக்க வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். கீழே இருப்பவர்களுக்குச் சொல்லத்தான் யாரிடமும் யார் போன் எண்ணும் இல்லை. தண்ணீர் கட்டில் ஏறிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. இந்த மழைக்கு முன் எல்லாரையும் ஓரிடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மழைக்கு மூன்று வாரம்கூட இல்லை.

மளிகைக்கடை லிதியாவை மரியாதைக்கு எல்லாரும் 'தோன்யா' என்பார்கள்; அவள் பீன்ஸ் அளந்துகொண்டிருந்தாள்.

"நீங்களாவது சேருங்க தோன்யா."

"நேத்தே பாத்தேன்டி. தெருப் பேரு கேக்குது, வீட்டு நம்பர் கேக்குது. போடலேன்னா உள்ளயே விடல. மானாகுவால எந்த வீட்டுக்குடி நம்பர் இருக்கு? வெப்சைட்டா அது, விசா ஆபீசா?"

கடையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். யாவோஸ்காவுக்கு முகம் சுண்டிப்போனது. எங்கோ வெளிநாட்டில் யாரோ செய்து வைத்த படிவத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். அவளே பிறந்தது முதல் டாக்சிக்காரர்களிடம், "சினிமா கொட்டகை இருந்த இடத்துலேர்ந்து ஏரிப் பக்கம் ஒரு தெரு" என்றுதான் வழி சொல்லி வருகிறாள். அவள் பிறப்பதற்கு முன்பே கொட்டகை நிலநடுக்கத்தில் இடிந்துபோனது; அவள் அதைப் பார்த்ததுகூட இல்லை.

மதியமே இரண்டு கட்டத்தையும் தூக்கிவிட்டு ஒரே கேள்வி வைத்தாள்: உங்க வீட்டுக்கு எப்படி வழி சொல்வீங்க?

சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு பேர். ஒருவர் மாமரம் இருந்த இடத்திலிருந்து வழி சொல்ல, அது புளியமரம் என்று இன்னொருவர் மல்லுக்கு நின்றார். "மரம் விழுந்து இருவது வருஷமாச்சு, சண்டை இப்பத்தான் முளைக்குது" என்று எழுதினாள் லிதியா. அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒருவர், "ஓடையில குப்பை அடைச்சுக் கிடக்கு, சனிக்கிழமை யாரு மண்வெட்டியோட வர்றீங்க?" என்று கேட்டார். ஒன்பது பேர் வருகிறேன் என்றார்கள். யாவோஸ்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை ஒரு புதுப் பெயர்: மிக்தாலியா. வழி: "வெப்சைட் கட்டின பொண்ணு வீட்டுலேர்ந்து ஏரிப் பக்கம் ரெண்டு வீடு."

வெள்ளத்துக்குப் பிறகு பூட்டிக் கிடந்த வீடு அது. யார் குடிவந்தார்கள்? செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தாள். ஒன்று. இரண்டு. வாசலில் ஒரு பெண் குழந்தையைத் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நீங்கதானே அது? வழி சரியாச் சொல்லியிருக்கேனா?"

அவளுக்குப் பின்னால் சுவரில், புதுச் சுண்ணாம்பையும் மீறி, போன அக்டோபர் தண்ணீரின் கோடு இடுப்பளவில் தெரிந்தது. "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, யாவோஸ்கா தொட்டி அருகே உட்கார்ந்தாள்.