கேட் பாஸ் ஜன்னல்

ஃபிராங்க்ளின் இறந்த பிறகு, அவன் வேலை பார்த்த கண்டெய்னர் யார்டிலேயே மனைவி ஈவாஞ்சலினுக்கு வேலை கொடுத்தார்கள். வாசல் அறையில் உட்கார்ந்து லாரிகளுக்கு கேட் பாஸ் போட வேண்டும். எல்லா லாரிக்கும் போட்டாள். டிரைவர் சுடலைக்கண்ணு வந்தால் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ரிவர்ஸ் எடுக்கும்போது ஃபிராங்க்ளின் மேல் ஏறியது சுடலைக்கண்ணு ஓட்டிய டிரெய்லர்தான்.

வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் சத்தம் போட்டார்கள். வேறு பிரிவுக்கு மாற்றுகிறோம் என்றது நிர்வாகம். மாட்டேன் என்றாள். கடைசியில் சமரசம் பேச வக்கீல் முருகேஸ்வரியை வரவழைத்தார்கள்.

முருகேஸ்வரி முதலில் இருவரையும் தனித்தனியாகப் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்மா?"

"ஒண்ணும் வேண்டாம் மேடம்," என்றாள் ஈவாஞ்சலின்.

முருகேஸ்வரி அடுத்த கேள்வி கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். பிறகு அவளே பேசினாள்.

"உடனே உசிரு போயிட்டுன்னு கம்பெனில சொன்னாங்க. அது நெசமான்னு தெரியணும்."

"அதை அந்த டிரைவர் வாயால கேக்கணும். அப்படித்தானே?"

"ஆமா."

அடுத்த அறையில் இருந்த சுடலைக்கண்ணு, விபத்து வழக்கு முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று தன் வக்கீல் சொல்லியிருப்பதாகச் சொன்னான். இங்கே பேசுவது எதையும் கோர்ட்டில் சாட்சியாக்க முடியாது என்று முருகேஸ்வரி நிதானமாக விளக்கினார். அவன் சம்மதித்த பிறகுதான் இருவரையும் ஒரே மேசைக்கு அழைத்தார். நேருக்கு நேர் பார்க்க வேண்டியிராதபடி பக்கவாட்டில் உட்கார வைத்தார்.

"உடனே போகல மதினி," என்றான் சுடலைக்கண்ணு. "ஆம்புலன்ஸ் வார வரைக்கும் உசிரு இருந்துச்சு. தலைய மடில வச்சிருந்தேன். ஒரு கால் ஷூ கழண்டு கெடந்துச்சு. அத மாட்டி விடுலேன்னு அண்ணன் சொன்னாரு. மாட்டி விட்டேன்."

"எந்தக் காலு?"

"இடது."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஏசியிலிருந்து தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். சுடலைக்கண்ணுதான் அழுதான். அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்கிறதைப் பத்தி நான் கேக்க மாட்டேன்," என்றார் முருகேஸ்வரி. "ஜன்னலைப் பத்தி மட்டும் பேசுவோம்."

"நான் வேணா நைட் ஷிப்டுக்கு மாறிக்கிடுதேன்," என்றான் அவன்.

"வேண்டாம். பாஸ் போட்டுக் குடுக்கேன். ஆனா என்னைய மதினின்னு கூப்பிடக் கூடாது. எதுவுமே பேசக் கூடாது."

முருகேஸ்வரி அதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாளிலிருந்து பாஸ் கொடுத்தாள். அவன் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தாள். பத்தோடு பதினொன்றாக அந்த லாரியும் போனது.

ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயலில் பூசை முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மாமியார் கேட்டாள்.

"அந்த டிரைவர் என்னதான் சொன்னான்?"

"வருத்தப்பட்டாரு மாமி."

"எம்புள்ள வேதனப்படாமத்தான போனான்?"

"ஆமா."

மாமி சிலுவை போட்டுக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏளா, கொழம்புல உப்பே போடலியா?"

ஈவாஞ்சலின் அதற்குள் பாதிச் சோற்றைத் தின்றிருந்தாள். எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்து வந்தாள்.